சத்தம் போடாத வீடு

எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. வந்து போகிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்லிப் பாராட்டாமல் போக மாட்டார்கள். "எவ்வளவு அமைதியான வீடும்மா! உங்க பிள்ளைங்க குடுத்து வச்சவங்க" என்பார் எதிர்வீட்டுப் பெரியவர். நான் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டுவேன். பிரிட்ஜின் மேல் கிடக்கும் நோட்டில் என் கணவரை நான் எந்தெந்த மிருகத்தோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

நோட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பெரியவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டும் பெண்கள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. பெரியவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்று ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவளை மூன்று நாள் கதவுக்கு வெளியே நிற்க வைத்தாள். நாலாம் நாள் பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டது. பதினொரு நாள் ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டாம் நாள் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு கையில் பையும் இன்னொரு கையில் பிள்ளையுமாக வெளியே வந்தேன். அன்றைக்கே மருந்துக்கடை வேலைக்கும் முழுக்குப் போட்டேன். இனி என் பிள்ளைக்கு நான்தான் பள்ளிக்கூடம் என்றேன்.

சும்மா சொல்லவில்லை, செய்தேன். முன்னறையில் இருந்த சோபாவைத் தூக்கிப் பால்கனியில் போட்டேன். பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் புத்தக அலமாரி, ஜன்னலோரம் ஆறு தொட்டிச் செடி, உட்கார்ந்தால் குத்தாத பாய், சுவரில் பெரிய பெரிய எழுத்துகள், தட்டு நிறைய மணல், அதில் விரலால் எழுதிப் பழக. வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைப்பது பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லாவற்றிலும் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வீடு இதமாக இருக்க வேண்டும், பிள்ளைக்குப் பயம் என்பதே தெரியக்கூடாது. 'தப்பு' என்ற சொல்லை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். பிள்ளை 'ப'வைப் பார்த்து 'ம' என்றால், "இன்னொரு தடவை பாக்கலாமா, கண்ணு?" என்பேன். என் பல்லிடுக்கில் அந்தக் 'கண்ணு' எப்படி அரைபட்டு வெளியே வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். அதை அங்கேயே பிடித்து நிறுத்தி வைப்பதுதான் அந்த வருஷம் முழுக்க நான் பார்த்த வேலை.

என் கணவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். "வேலையை விட்டுட்டு வீட்ல விளையாட்டுச் சாமான் கடை வச்சிருக்கா" என்று அவர் அக்காவிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு இருவரும் கத்தினோம். மறுநாளும் கத்தினோம். மூன்றாம் நாள் பெரியவளைக் காணவில்லை. தேடித் தேடி, கடைசியில் துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்திலிருந்து இழுத்தெடுத்தோம். உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அன்று இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். இனிமேல் வாயால் சண்டை கிடையாது. எதுவாக இருந்தாலும் எழுத வேண்டும். ஒரு நீளமான நோட்டு, ஒரு பேனா, பிரிட்ஜின் மேல். பெரியவளுக்குப் படிக்கத் தெரியாது. சின்னவளுக்கு நோட்டு என்றால் கிழிக்கிற சாமான். வேறென்ன பாதுகாப்பு வேண்டும்?

அவர் எழுதுவது அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் எழுதுவது போலவே இருக்கும். தேதி போடுவார். பிறகு பழுது, காரணம், செய்ய வேண்டியது என்று மூன்று வரி. அடுத்து வரும் மெக்கானிக்குக்குக் குழப்பம் வரக்கூடாது என்று ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லி அங்கே பழக்கியிருக்கிறார்கள். அச்சடித்தது போல இருக்கும் கையெழுத்து, அதில் அத்தனையும் விஷம்.

'பழுது: பெரியவளுக்கு இன்னும் எழுத்து வரவில்லை. காரணம்: சொல்லிக் கொடுப்பவர். செய்ய வேண்டியது: சொல்லிக் கொடுப்பவரை மாற்றுவது.'

நான் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். என் எழுத்து புழு நெளிந்தது போல இருக்கும். ஆனால் என் பதில் ஒரு பக்கத்துக்குக் குறையாது. வாயால் அவரை 'என்னங்க', 'வாங்க' என்பேன். நோட்டில் 'நீ'தான். 'எவனோ ரெண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுகிறாய். உன் வீட்டில் ஒருத்தி மாட்டிக்கொண்டு கிடப்பது உன் கண்ணில் படாதா?' என்று எழுதிவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "டீ ஆறுதுங்க, குடிங்க" என்பேன். அவரும் நோட்டை எடுத்துப் படிப்பார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும், உடனே பெரியவளைப் பார்த்துப் புன்னகை செய்வார். நாங்கள் இருவரும் வேறு எந்த வேலைக்குப் போயிருந்தாலும் நடிப்பில் இவ்வளவு தேறியிருக்க மாட்டோம்.

இந்தச் சண்டைக்கு நடுவர் என்று ஒருத்தி தானாக வந்து சேர்ந்தாள். அவர் அக்கா, என் நாத்தனார். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. வீட்டுக்குள் நுழையும்போதே காலை பிரேயருக்கு வரிசையில் நிற்கிறோமா என்று பார்ப்பது போல எங்களைப் பார்ப்பாள். நான் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதைத் தன் தொழிலையே செருப்பால் அடித்ததாக எடுத்துக்கொண்டாள். செடித்தொட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "படிப்பு சொல்லிக் குடுக்கிறியா, இல்ல நர்சரி வச்சிருக்கியா?" என்றாள். பெரியவளுக்கு அவள் வைத்திருந்த பெயர் ஊமைக்கோட்டான்.

"அண்ணி, பிள்ளை காதுபட அப்படிச் சொல்லாதீங்க" என்றேன், இதமான குரலில்.

"கூப்பிட்டா திரும்பிப் பாக்குதே! அதுவே உன் ஸ்கூல்ல பெரிய முன்னேற்றம்தானே?"

அவள்தான் கெடு வைத்தாள். ஒரு வருஷம். வருஷம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு வருவாள். பெரியவள் ஒரு பக்கம் தடங்கலில்லாமல் படித்துக் காட்டினால் வீட்டிலேயே படிக்கலாம், அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. இல்லையென்றால் மறுநாள் காலையில் பிள்ளை அத்தையின் பள்ளிக்கூடத்தில், நான் மறுபடியும் மருந்துக்கடையில். என் கணவர் உடனே சரி என்றார். வீம்புக்கு நானும் சரி என்றேன்.

கிட்டத்தட்ட அந்த வருஷமும் ஓடிவிட்டது. பெரியவள் மணலில் அழகாக வரைந்தாள், ஆறு செடிக்கும் தண்ணீர் ஊற்றினாள், கதை சொன்னால் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் உதட்டை ஒட்டிக்கொண்டாள். ஒரு எழுத்தைக் காட்டினால் தரையைப் பார்ப்பாள். நான் செய்த இதமெல்லாம் விழலுக்கு இறைத்த நீரா என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். குழாயைத் திறந்தது பிள்ளைக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக.

கெடுவுக்கு நாலு நாள் இருந்தது. மத்தியானம் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனவள், கூடையை மறந்ததால் பாதியில் திரும்பி வந்தேன். சமையலறையில் பேச்சுக் குரல். பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சின்னவளும் அவள் பொம்மையும் தரையில், மாணவிகள் போல.

"பழுது," என்றாள் பெரியவள், அவள் அப்பாவின் குரலில். "குழந்தை சாப்பிடும்போது பேசுவதில்லை. காரணம், அம்மா விடாமல் பேசுகிறாள். செய்ய வேண்டியது, ஒன்றும் இல்லை. உதிரி பாகம் கிடைக்காது."

சின்னவள் கை தட்டினாள்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. 'கிடைக்காது' என்ற சொல்லை என் பிள்ளை எங்கேயும் தடங்கலில்லாமல் படித்தாள்! உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்ன படிக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நாள் முழுக்க எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற வீட்டில், பிள்ளைக்குத் தெரியக்கூடாததை எழுதி வைத்திருக்கிறோம். எங்களைப் போலப் புத்திசாலிகளை ஊரில் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

என்னைப் பார்த்ததும் அவள் பதறவில்லை. ஸ்டூல் மேல் ஏறி, நோட்டை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தாள், பேனா உட்பட. அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இது ஒரு நாள் வேலை இல்லை.

"எப்போலேர்ந்து படிக்கிற, கண்ணு?"

"மழை பெஞ்சுதே, அப்போலேர்ந்து."

மூன்று மாதம்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

இது கூடவா தெரியாது என்பது போல என்னைப் பார்த்தாள். "சொன்னா நோட்டை எடுத்துடுவீங்க."

"எடுத்தா என்ன?"

"அப்புறம் வாயால சண்டை போடுவீங்க."

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நான் எழுதினதையும் படிச்சியா?"

"உன் எழுத்து புரியலம்மா. எல்லாம் சுருண்டு கிடக்கு. அப்பா எழுதுறதுதான் தனித்தனியா இருக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "அம்மா, பழுதுன்னா ரிப்பேர்தானே?"

"ஆமா."

"அப்போ நிறைய நாள் நான்தான் ரிப்பேர்."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். நீ ரிப்பேர் இல்லை, தங்கம், அப்பா ஏதோ கோபத்தில் எழுதியது என்று சொன்னேன். நல்ல அம்மா சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் அவள் தலை என் தோளில் இருக்கும்போதே என் மனம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. ஜெயித்துவிட்டேன். நாத்தனார் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோதே வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"ஞாயித்துக்கிழமை அத்தைகிட்ட படிச்சுக் காட்டுவியா?"

மாட்டேன் என்று தலையாட்டினாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்."

கெஞ்சினேன். சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். இனி சண்டையே போட மாட்டோம் என்றுகூடச் சொன்னேன். அதற்கு அவள் எழுந்து பொம்மையின் சட்டையைச் சரிசெய்யப் போய்விட்டாள். என் பேச்சில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று மாலையே கணவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக என் பிள்ளை ஒரு தரப்பை மட்டுமே படித்திருக்கிறாள். அவர் சொன்ன குற்றமெல்லாம் அவளுக்கு மனப்பாடம், என் நியாயம் ஒரு வரிகூட அவளுக்குத் தெரியாது. அதை நினைக்க நினைக்க எனக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. அன்று மாலை நோட்டை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து, பெரிதாக, அச்சுப் போல எழுதினேன். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த இரண்டு நாளும் அப்படியே எழுதினேன்.

என் கணவர் படித்துவிட்டு அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார். 'எழுத்து தெளிவாக இருக்கிறது. விஷயம்தான் பழைய குப்பை.'

ஞாயிறு காலை பத்து மணிக்கு நாத்தனார் வந்தாள். பாயில் உட்காராமல் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்து பெரியவளிடம் நீட்டினாள். என் கணவர் சுவரில் சாய்ந்து நின்றார். சின்னவள் என் மடியில்.

"படி பாக்கலாம்."

பெரியவள் புத்தகத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். உதட்டை ஒட்டிக்கொண்டாள்.

"அவசரமே இல்ல. மெதுவா படி" என்றாள் நாத்தனார். அவள் குரலில் இருந்த கனிவு எனக்கு அவள் திட்டுவதைவிட எரிச்சலாக இருந்தது. ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது.

"போதும்க்கா" என்றார் என் கணவர். "ஒரு வருஷம் போச்சு, அவ்வளவுதான். நாளைக்கு நானே கூட்டிட்டு வரேன்."

"நான் அன்னைக்கே சொன்னேன் தம்பி. செடிக்குத் தண்ணி ஊத்துனா செடிதான் வளரும்" என்று நாத்தனார் புத்தகத்தை மூடினாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான். வேறு எதன் மேலும் நான் பழி போடப் போவதில்லை. சின்னவளை இறக்கிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். திறந்து பெரியவளின் மடியில் வைத்தேன்.

"இதைப் படி."

"ஏய், என்ன பண்ற நீ?" என்றார் அவர். வெகுநாள் கழித்து வாயால் வந்த 'ஏய்'.

"வேணாம்மா" என்றாள் பெரியவள்.

"படி."

இதமான குரலில்தான் சொன்னேன். ஆனால் அந்தக் குரலுக்குள் என்ன இருந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. கீழே பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"பழுது. அக்கா வாரத்துக்கு மூன்று தடவை போன் செய்கிறாள். காரணம். அவளுக்கு வேறு வேலை இல்லை. செய்ய வேண்டியது. அவள் பேச்சை நிறுத்த ஒரு சுவிட்ச் கண்டுபிடிக்க வேண்டும்."

நாத்தனாரின் முகம் செத்துப்போனது. என் கணவர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்து, அப்படியே நின்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நினைத்தது அந்த ஒரு பக்கம்தான். ஆனால் படிக்கச் சொன்ன பிள்ளை படித்துக்கொண்டே போனாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அது என் பக்கம். தெளிவான, தனித்தனியான, அச்சுப் போன்ற என் எழுத்து. குரலை மாற்றிக்கொண்டாள். அவள் வாயிலிருந்து என் குரல் வந்தது.

"உன்னைக் கட்டிக்கொண்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன். இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது என்று ஒன்றும் இல்லை. சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது. நாள் முழுக்க நடிக்கிறேன். பிள்ளைகள் மட்டும் இல்லாமல் இருந்தால் என்றைக்கோ ஓடியிருப்பேன்."

"போதும் கண்ணு" என்றேன். அவள் நிறுத்தவில்லை.

"இதுகள் ரெண்டும்தான் என் காலில் கட்டின கல்."

அதை நான் அவருக்குத்தான் எழுதினேன். அவர் படித்து நொந்துபோக வேண்டும் என்று எழுதினேன். என் பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுதினேன். அந்தச் சொல் எவ்வளவு கனம் என்று எழுதும்போது தோன்றவே இல்லை. பக்கம் முடிந்ததும் பெரியவள் நோட்டை மூடி, இரண்டு கையாலும் பாயில் வைத்தாள். சின்னவள் மட்டும் வழக்கம் போலக் கை தட்டினாள்.

என் கணவர் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் நாத்தனார்தான் வாயைத் திறந்தாள். அவள் எனக்கு எதிரிதான், ஆனால் சொன்ன சொல் மாறாதவள்.

"படிக்கிறா" என்றாள். "ரெண்டாம் வகுப்பு என்ன, நாலாம் வகுப்புப் பிள்ளைகூட இப்படிப் படிக்காது. பேசின பேச்சு பேசினதுதான். வீட்லயே படிக்கட்டும்."

நான் ஜெயித்துவிட்டேன். ஒரு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் பக்கம் கையை நீட்டினேன். அவள் எழுந்து, என் கையைத் தாண்டிப் போய், சின்னவளின் விரலைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு, அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அத்தை, உங்க ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்?"

"மூணரைக்கு. ஏம்மா?"

"அதுக்கப்புறம் அங்க யாராவது இருப்பாங்களா?"

"வாட்ச்மேன் இருப்பாரு."

"அப்போ பாப்பாவும் நானும் மூணரைக்கு அப்புறமும் அங்கயே இருக்கலாமா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் நாத்தனார், மூடிய புத்தகத்தை மறுபடியும் திறந்து மூடினாள். பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. எங்கள் இருவரில் ஒருவர் பக்கமும் அது திரும்பவில்லை.